மாதவ் காட்கிலின் மூங்கில் ஆய்வும் அதன் தொடர்ச்சியும்

இந்தியச் சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில் 1942 மே 24 அன்று புனேயில் பிறந்தார். தந்தை தனஞ்செய் ராமச்சந்திர காட்கில் பொருளியலாளர். மகாராஷ்டிரக் கூட்டுறவு இயக்கத்தில் பங்காற்றியவர், திட்டக்குழுவின் துணைத்தலைவராகவும் இருந்தவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற மாதவ் காட்கில் 1971-ல் நாடு திரும்பினார். 1973 முதல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றினார். காடுகளைப் பற்றிய முடிவுகளில் காட்டை ஒட்டி வாழும் மக்களின் பட்டறிவுக்கு இடம் வேண்டும் என்ற கருத்தோடு அவர் பெயர் இணைத்துப் பேசப்படுகிறது. அக்கருத்துக்கு உறுதியான சான்றுகளில் ஒன்று கர்நாடகக் காட்டின் மூங்கில் புதர்களில் கிடைத்தது.

முள் நீக்கிய புதர்கள்

வட கன்னட மாவட்டத்தின் தாண்டேலியில் 1950களின் இறுதியில் ஒரு காகித ஆலை இயங்கத் தொடங்கியது. ஆலைக்குத் தேவையான மூங்கிலை அரசு டன்னுக்கு ஒன்றரை ரூபாய் என்ற விலையில் கொடுத்தது. கூடையும் முறமும் முடைந்து பிழைத்தவர்கள் அதே மூங்கிலைச் சந்தையில் பல மடங்கு விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. 1970களில் மூங்கில் அருகத் தொடங்கியபோது முதலில் முறையிட்டவர்களும் அவர்களே. 1975-ல் கர்நாடக அரசு இதை ஆராயும் பொறுப்பைக் காட்கிலிடம் ஒப்படைத்தது.

கால்நடை மேய்ச்சலும் ஊர்மக்கள் குருத்து வெட்டுவதும்தான் காரணம் என்பது வனத்துறையின் நிலைப்பாடு. ஊர்மக்கள் சொன்னது வேறு. புதரின் அடிப்பகுதியில் முட்கிளைகள் பின்னிக் கிடக்கும். நெரிசல் குறைந்தால் மூங்கில் நன்கு வளரும் என்று கருதிய வனத்துறை, அம்முட்களை வெட்டி அகற்றச் செய்தது. முள்வேலி போனதும் இளங்குருத்துகளை மாடும் முள்ளம்பன்றியும் குரங்கும் தின்றுவிடுகின்றன என்றார்கள் ஊர்மக்கள்.

காட்கிலும் எஸ். நரேந்திர பிரசாத் முதலிய உடன் ஆய்வாளர்களும் இரு தரப்பின் கூற்றையும் அப்படியே ஏற்கவில்லை. புதர்களைத் தொடர்ந்து கவனித்துக் குருத்துகளைக் கணக்கெடுத்தனர். ஊர்மக்கள் கூறியதே சரி என்று தெரிந்தது. காட்டில் உள்ள மூங்கிலின் அளவை வனத்துறை மிக அதிகமாக மதிப்பிட்டிருந்ததும் வெளிப்பட்டது. ஆலைக்கு எவ்வளவு வெட்டலாம் என்ற கணக்கு அந்த மதிப்பீட்டின் மேல்தான் நின்றது. ஊர்மக்களின் சொல்லை மதித்ததைவிட, அதைக் குருத்துக் குருத்தாகச் சரிபார்த்ததே இந்த ஆய்வின் பெரிய மதிப்பு. கண்டறிந்தது வெளிவந்த பிறகும் விலைக் கொள்கை உடனே மாறிவிடவில்லை. அருகில் மூங்கில் தீர்ந்தபோது ஆலைகள் தொலைதூரக் காடுகளிலிருந்து அதைத் தருவித்துக்கொண்டன.

இதற்கு முன்பே தாவரவியலாளர் வி. டி. வர்தக்குடன் சேர்ந்து மகாராஷ்டிரத்தின் கோயில்காடுகளைக் காட்கில் ஆராய்ந்திருந்தார். தெய்வத்தின் பெயரால் கோடாலி படாமல் நின்ற அக்காடுகள் ஊரின் நீரோடைகளையும் காத்தன.

ஆய்விலிருந்து சட்டம் வரை

1986-ல் அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகம். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றிலும் பரவிய அதன் திட்டத்தில் காட்கிலின் பங்கு முக்கியமானது. 2002-ல் இயற்றப்பட்ட பல்லுயிர்ச் சட்டத்தை உருவாக்குவதிலும் அவர் பங்கேற்றார். ஊரின் செடி கொடிகள், விலங்குகள், அவற்றைப் பற்றி ஊரார் அறிந்தவை ஆகியவற்றை ஊராரே எழுதிவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு அவர் முன்னெடுத்தது. நடைமுறையில் பதிவேடுகள் நீண்டகாலம் தேங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31-ஐக் கெடுவாக வைத்ததும் அவசர அவசரமாகப் பெருகின. ஊரார் எழுதவேண்டியதை வெளியாட்கள் நிரப்பிய இடங்களும் உண்டு.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா லேக்கா என்ற கோண்டு பழங்குடிச் சிற்றூர், வன உரிமைச் சட்டத்தின்படி 2009-ல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின் மீது சமூக உரிமை பெற்றது. மூங்கிலை வெட்டி விற்கும் உரிமை அதற்குப் பிறகும் கைக்கு வரவில்லை. கொண்டுசெல்லும் அனுமதிச்சீட்டை வனத்துறை தரவேண்டியிருந்தது. 2011 ஏப்ரலில் அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஊருக்கே வந்து அனுமதிச்சீட்டுப் புத்தகத்தைக் கிராம சபையிடம் ஒப்படைத்தார். தாண்டேலியில் ஆலை பெற்ற அதே பொருள் இங்கே ஊரின் வருவாயானது. காட்கில் இவ்வூரைத் தம் எழுத்துகளில் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டினார்.

மேற்குத் தொடர்ச்சி மலை அறிக்கை

2010-ல் காட்கில் தலைமையில் அமைந்த வல்லுநர் குழு 2011 ஆகஸ்ட் 31 அன்று அறிக்கை அளித்தது. மலைத்தொடர் முழுவதையும் சூழல் உணர்வுப் பகுதியாகக் கருதி மூன்று மண்டலங்களாகப் பிரித்தது. எல்லைகள் தற்காலிகமானவை, கிராம சபைகள் விவாதித்தே இறுதி செய்யவேண்டும் என்றும் கூறியது. ஆனால் மண்டலங்கள் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களை வைத்துக் கணிக்கப்பட்டு, தாலுகா அளவில் வரையப்பட்டிருந்தன. புதர் புதராகப் பார்த்தவரின் அறிக்கைக்கு இது பெரிய குறை.

அறிக்கை ஏறத்தாழ ஒன்பது மாதம் வெளியிடப்படவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வழக்காடியபின் 2012 மே மாதத்தில் வெளிவந்தது. அதற்குள் வதந்தி முந்திக்கொண்டது. நிலம் பறிபோகும் என்ற அச்சம் கேரள மலையோர விவசாயிகளிடம் பரவியது. அவரவர் மொழியில் அறிக்கை ஊர்களுக்குச் சென்றிருந்தால் எதிர்ப்பு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல இயலாது. அப்படி ஒரு விவாதம் முறையாக நடத்தப்படவே இல்லை. அடுத்து அமைந்த கஸ்தூரிரங்கன் குழு, பாதுகாக்கவேண்டிய பரப்பை மலைத்தொடரின் 37 விழுக்காடாகக் குறைத்தது.

அந்தப் பரப்புக்கான அரசாணையும் வரைவாகவே தொடர்ந்து வெளியாகிக் காலாவதியானது. காட்கில் அறிக்கை முதல் மண்டலத்தில் வைத்திருந்த வைத்திரி தாலுகாவில், 2024 ஜூலை 30 அதிகாலை முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு அழித்தது. மறுநாள் மத்திய அரசு ஆறாவது வரைவை வெளியிட்டது.