முந்நூறு பாகத்துக்குக் கீழே: ஆழ்கடலில் உயிரில்லை என்ற கருத்தின் வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பிய அறிவியல் உலகில் ஒரு கருத்து வேரூன்றியிருந்தது. கடலில் 300 பாக ஆழத்துக்குக் கீழே, அதாவது சுமார் 550 மீட்டருக்குக் கீழே, உயிர் எதுவும் இல்லை என்பதே அது. இந்தக் கருத்துக்கு எதிரான சான்றுகள் அது பிறப்பதற்கு முன்பே இருந்தன. பிறந்த பிறகும் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போயின. அப்படியிருந்தும் கால் நூற்றாண்டு அது எப்படி நிலைத்தது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். எந்தச் சான்று கேட்கப்பட்டது, எது கேட்கப்படவில்லை என்பதைப் பார்த்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

கருத்தின் மூலவர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ். மான் தீவில் 1815-இல் பிறந்தவர். கடலடி உயிர்களை ஆழவாரியாக வகைப்படுத்திய முன்னோடிகளுள் ஒருவர். 1841, 1842 ஆண்டுகளில் ‘பீக்கன்’ என்ற அளவைக் கப்பலில் ஏஜியன் கடலுக்குச் சென்று, டிரெட்ஜ் எனப்படும் இழுபையைக் கடலடியில் இழுத்து, 230 பாகம் வரை உயிரினங்களைச் சேகரித்தார். ஏஜியன் கடலடியை எட்டு அடுக்குகளாகப் பிரித்துக் காட்டிய அவரது அறிக்கை 1843-இல் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் முன் வைக்கப்பட்டது. கீழே போகப் போக இனங்களும் குறைந்தன, எண்ணிக்கையும் குறைந்தது. அந்தச் சரிவைக் கோடாகக் கீழே நீட்டினால் 300 பாகத்தில் அது பூஜ்யத்தைத் தொட்டது.

அவர் பார்த்ததில் பிழையில்லை. பார்த்த இடமும் கருவியும்தான் அவரை ஏமாற்றின. கிழக்கு மத்தியதரைக் கடல் ஊட்டச்சத்து மிகக் குறைந்த நீர்ப்பரப்பு. மேலே உணவு விளைந்தால்தான் மிச்சம் அடியில் விழும். அங்கே விளைவதே சொற்பம். அவர் கையாண்ட இழுபையின் வாய் சிறியது. மென்சேற்றில் இறங்கியதும் அது அடைத்துக்கொள்ளும். அதன்பின் எவ்வளவு தூரம் இழுத்தாலும் உள்ளே எதுவும் சேராது. ஆழத்தில் சேறு அதிகம் என்பதால் கருவியின் இயலாமை ஆழத்தின் வெறுமையாகத் தோன்றியது. ஆனால் ஃபோர்ப்ஸ் தம் கருத்தை எச்சரிக்கையோடுதான் சொன்னார். அவர் 1854-இல், நாற்பது வயதுகூட நிறையாமல் இறந்தார். 1859-இல் வெளிவந்த அவரது நூலில், ஆழத்தில் உயிரின் சில பொறிகளாவது எஞ்சியிருக்கக்கூடும் என்ற இடைவெளியை விட்டிருக்கிறார். இனிவரும் கண்டுபிடிப்புகளுக்குச் சிறந்த களம் அதுவே என்றும் குறிப்பிடுகிறார். அனுமானத்தைச் சட்டமாக இறுக்கியவர்கள் அவருக்குப் பின் வந்தவர்களே.

அவர்கள் இறுக்கியதற்குக் காரணமும் இருந்தது. ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. வெளிச்சம் இல்லை, எனவே தாவரம் இல்லை. தாவரம் இல்லாத இடத்தில் விலங்கு எதைத் தின்னும்? ஆழ்நீர் எங்கும் ஒரே சீராக 4 பாகை வெப்பத்தில் அசையாமல் கிடக்கிறது என்ற தவறான நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. தர்க்கத்துக்குப் பொருந்திய முடிவு என்பதால் எதிர்ச்சான்றுகளே சந்தேகத்துக்கு உள்ளாயின.

அந்தச் சான்றுகளுள் பழமையான ஒன்று 1818-ஐச் சேர்ந்தது. வடமேற்குக் கடல்வழியைத் தேடி பாஃபின் விரிகுடாவுக்குச் சென்ற ஜான் ராஸ், ஆழம் பார்க்கும் கயிற்றை இழுத்தபோது, அவர் கணக்குப்படி சுமார் 800 பாக ஆழத்திலிருந்து, கிளைகிளையாகக் கைகள் விரிந்த ஒரு கூடை நட்சத்திர உயிர் அதில் சிக்கி வந்தது. அதே பயணத்தில் ராஸ், இல்லாத மலைத்தொடர் ஒன்று லங்காஸ்டர் நீரிணையை அடைத்து நிற்பதாக அறிவித்து, பெயரைக் கெடுத்துக்கொண்டார். அவர் கொண்டுவந்த உயிருக்குக் கிடைக்கவேண்டிய கவனத்தையும் அந்த அவப்பெயர் குறைத்திருக்கும் என்பது என் கருத்து. அவருடைய உறவினர் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் தென்துருவக் கடலில் 400 பாகத்திலிருந்து உயிர்களை எடுத்தது ஃபோர்ப்ஸின் ஏஜியன் பயணக் காலத்திலேயே.

1860-இல் நடந்தது இன்னும் வலுவானது. அட்லாண்டிக் தந்திக் கம்பிக்கு வழி பார்க்கப் புறப்பட்ட ‘புல்டாக்’ கப்பலில் இயற்கையியலாளராகச் சென்றவர் ஜார்ஜ் சார்லஸ் வாலிச். கல்கத்தாவில் பிறந்தவர், அந்நகரத் தாவரவியல் பூங்காவை நடத்திய நதானியேல் வாலிச்சின் மகன். 1260 பாகம் இறக்கிய கயிற்றில் மெல்லிய கைகள் கொண்ட 13 நட்சத்திர உயிர்கள் பற்றிக்கொண்டு மேலே வந்தன. கயிறு ஏறும் வழியில் இடைநீரில் ஒட்டிக்கொண்டவை என்று மறுப்பு எழுந்தது. வாலிச் அவற்றின் வயிற்றைத் திறந்து, கடலடிச் சேற்றில் நிறைந்திருக்கும் குளோபிஜெரினா என்ற நுண்ணுயிரின் ஓடுகளைக் காட்டினார். இதைவிடத் தெளிவாக ஒரு விலங்கு எங்கே இரை தின்றது என்று நிறுவுவது கடினம். ஆயினும் அவர் சொல் பெரிதாக எடுபடவில்லை. பின்னாளில் புகழ் பிறருக்குப் போனதை எண்ணி அவர் கசப்போடு வாழ்ந்தார்.

அடுத்த ஆண்டு சார்டினியாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் இடையே அறுந்து, மீட்கப்பட்ட தந்திக் கம்பித் துண்டுகளை அல்ஃபோன்ஸ் மில்ன்-எட்வர்ட்ஸ் ஆராய்ந்தார். 2000 மீட்டருக்கும் கீழே கிடந்த கம்பியில் பவளங்கள் வேர்பிடித்து வளர்ந்திருந்தன. கம்பியோடு ஒட்டி வளர்ந்த பவளத்தை இடைநீரில் சிக்கியது என்று யாரும் சொல்ல முடியாது. பொறியாளர்கள் தம் வேலைக்காக இழுத்ததில் உயிரியலுக்கு விடை வந்தது.

இருந்தும் கருத்தை வீழ்த்தியது நார்வேயிலிருந்து வந்த ஒரு கடல் அல்லி. பாதிரியாராக இருந்து விலங்கியலாளரான மிக்கேல் சார்ஸும் அவர் மகன் கியோர்க் ஒசியான் சார்ஸும் லோஃபோட்டன் தீவுகளருகே 300 பாகத்தில் காம்புடைய கடல் அல்லி ஒன்றை எடுத்தனர். ரைசோகிரைனஸ் என்று பெயரிடப்பட்ட அதன் நெருங்கிய உறவுகள் சுண்ணக் காலப் பாறைகளில் புதைபடிவங்களாக அறியப்பட்டவை. நேரில் சென்று அதைப் பார்த்த பிரிட்டிஷ் இயற்கையியலாளர் வைவில் தாம்சன், சக அறிவியலாளர் வில்லியம் கார்ப்பெண்டரைத் துணைசேர்த்து, ராயல் சொசைட்டி வழியாகக் கடற்படையிடம் கப்பல் கேட்டார். 1868-இல் ‘லைட்னிங்’, அடுத்த இரு ஆண்டுகளில் ‘போர்க்குபைன்’ கிடைத்தன. முதல் பயணத்திலேயே, ஒரே ஆழத்தில் ஒருபுறம் உறைநிலையை ஒட்டிய குளிர்நீரும் அருகே பல பாகை சூடான நீரும் இருப்பது தெரிந்து, 4 பாகை நம்பிக்கை உடைந்தது. 1869 ஜூலையில் பிஸ்கே விரிகுடாவில் 2435 பாகத்திலிருந்து இழுபை உயிர்களோடு ஏறியது. உயிரற்ற ஆழம் என்ற கருத்துக்கு அன்றோடு இடமில்லாமல் போயிற்று.

1872 டிசம்பரில் புறப்பட்டு 1876 மே மாதம் திரும்பிய ‘சேலஞ்சர்’ கப்பலின் கடலாய்வுப் பயணம் பற்றிப் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. அதன் அறிக்கை 50 தொகுதிகளாக 1895 வரை வெளிவந்தது. என் வாதத்துக்கு வேண்டியது அதன் பின்விளைவு ஒன்றுதான். பெரிய கண்கள் கொண்ட வலைகளால் அள்ளியதால் சேற்றின் சிற்றுயிர்கள் நழுவின. ஆழத்தில் உயிர் உண்டு, ஆனால் இனவளம் குறைவு என்ற எண்ணம் அடுத்த தலைமுறைகளில் தங்கிவிட்டது. ஃபோர்ப்ஸின் பூஜ்யம் சிறிய எண்ணாக மாறியது, அவ்வளவே. 1960-களில் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தில் ஹோவர்ட் சாண்டர்ஸும் ராபர்ட் ஹெஸ்லரும் சேற்றின் மேல்தோலை அள்ளும் சறுக்குவண்டியை இறக்கி, நுண்சல்லடையில் சலித்தார்கள். 1967-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு ஆழ்கடலடியின் இனவளத்தைக் காட்டியது. 1992-இல் ஃபிரெட் கிராஸலும் நான்சி மாசியோலெக்கும் அமெரிக்கக் கிழக்குக் கரையோர ஆழத்தில் மொத்தமே 21 சதுர மீட்டர் சேற்றிலிருந்து 798 இனங்களை எண்ணினார்கள். அதிலிருந்து கோட்டை நீட்டி உலகக் கடலடியில் ஒரு கோடி இனங்கள் இருக்கலாம் என்றார்கள். சூழலியலாளர் ராபர்ட் மே அது மிகை என மறுத்தார். ஃபோர்ப்ஸ் கீழ்நோக்கி நீட்டிய கோடு இம்முறை மேல்நோக்கி நீண்டது. முறை ஒன்றே என்பதால் அதே எச்சரிக்கை இதற்கும் வேண்டும்.

உணவு மேலிருந்துதான் விழவேண்டும் என்ற அடிப்படையும் 1977-இல் தளர்ந்தது. கலாபகோஸ் அருகே சுமார் 2500 மீட்டர் ஆழத்தில் ‘ஆல்வின்’ நீர்மூழ்கியில் இறங்கிய புவியியலாளர்கள் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிப் பெருஞ்சிப்பிகளும் குழாய்ப் புழுக்களும் செறிந்திருக்கக் கண்டார்கள். உயிரியலாளர் ஒருவரும் அந்தப் பயணத்தில் இல்லை. வாயும் குடலும் இல்லாத அந்தப் புழுக்களுக்குள் கந்தகச் சேர்மத்திலிருந்து ஆற்றல் பெறும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்பதை 1981-இல் காலின் கவனாவ் எடுத்துக்காட்டினார்.

இந்தியப் பெருங்கடலில் இந்த வரலாற்றுக்குத் தனிக் கிளை உண்டு. ‘இன்வெஸ்டிகேட்டர்’ அளவைக் கப்பலில் ஆல்ஃபிரட் அல்காக் வங்கக் கடலிலும் அந்தமான், அரபிக் கடல்களிலும் சேகரித்தவை கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்துக்குப் போயின. இன்று கொல்லத்திலும் தூத்துக்குடியிலும் இழுவைப் படகுகள் இறக்கும் ஆழ்கடல் இறால்களுள் ஒன்று அவர் பெயரைத் தாங்கிய அரிஸ்டியஸ் அல்காக்கி. மற்றொன்று, 1888-இல் சேலஞ்சர் அறிக்கை பெயரிட்ட ஹெட்டெரோகார்ப்பஸ் கிப்போசஸ். சேலஞ்சர் 1873-இல் முதன்முதலாக அள்ளிய மாங்கனீசு உருண்டைகள்தான், மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டரில் இந்தியா ஆய்வுரிமை பெற்றிருக்கும் கனிமம். ஓர் உருண்டை சில மில்லிமீட்டர் வளரப் பத்து லட்சம் ஆண்டுகள் ஆகும். கெட்டியான தளம் தேவைப்படும் உயிர்களுக்கு அந்தச் சேற்றுவெளியில் அந்த உருண்டைகளே பற்றுக்கோடு. அங்கே சுரங்கம் தோண்டுவதற்கு முன் எத்தனை இனங்கள் வாழ்கின்றன என்று கணக்கெடுக்க வேண்டியிருக்கிறது. மாதிரியை எத்தனை இடங்களில் அள்ளுவது, எந்தத் துளையளவுள்ள சல்லடையில் சலிப்பது என்ற முடிவுகளைப் பொறுத்தே அந்தக் கணக்கு அமையும்.