நாற்பத்தெட்டு மணிநேரம்

ஈஸ்ட்ஹாம் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஹை ஸ்ட்ரீட் நோர்த். மகாலட்சுமி கோயில், நகைக்கடைகள், முருங்கைக்காயை வெளியே அடுக்கிவைத்த மரக்கறிக் கடைகள், ஊருக்குக் காசு அனுப்பும் கடைகள். இவற்றுக்கு நடுவே பளிச்சென்ற பெயர்ப்பலகைகளோடு பெற்றிங் கடைகள். சுமார் பத்து வருடங்களுக்கு முன் நியூஹாம் சபை இவற்றுக்கு எதிராகக் குரல் எழுப்பியபோது, அதன் எல்லைக்குள் 80க்கும் மேற்பட்ட பெற்றிங் கடைகள் இருந்தன. இந்த ஒரு தெருவில் மட்டும் 18.

எங்கள் ஆட்கள் சீட்டுக் கட்டுவதும் சம்பளம் மாற்றுவதும் இதே தெருவில்தான். இத்தனை கடைகள் ஏன் இங்கே வந்தன என்று கேட்டால், 'சனத்துக்கு விருப்பம், வருகுது' என்பார்கள். சட்டத்தின் வரலாற்றைப் படித்தால் பதில் வேறு மாதிரி இருக்கிறது. விருப்பம் எப்போதும் இருந்தது. அந்த விருப்பத்தைத் தூண்டலாமா, கூடாதா என்ற கேள்விக்குத்தான் இந்த நாடு காலத்துக்கொரு விடை சொன்னது.

பழைய சட்டம் ஏழைக்கு ஒன்று, பணக்காரனுக்கு ஒன்று. 1853ஆம் ஆண்டுச் சட்டம் காசு வாங்கிப் பந்தயம் பிடிக்கும் கடைகளை மூடியது. 1906ஆம் ஆண்டுச் சட்டம் தெருவோரப் பந்தயத்தைக் குற்றமாக்கியது. ஆனால் கணக்கு வைத்திருக்கக்கூடிய கனவான் தந்தியிலோ தொலைபேசியிலோ கடனுக்குப் பந்தயம் கட்டலாம்; அதற்குத் தடையில்லை. ஈஸ்ட் எண்ட் தொழிலாளி ஆறு பென்ஸைத் தெருமூலையில் கொடுத்தால் பொலிஸ் பிடிக்கும். மேஃபெயரில் பிரபுக்கள் வீடுகளில் இரவிரவாகச் சீட்டாட்டம் நடந்தது. ஜோன் ஆஸ்பினல் நடத்திய அப்படியொரு ஆட்டத்தில் 1958இல் பொலிஸ் புகுந்தது, வழக்கு நிற்கவில்லை. நம்பிக்கை இழந்த ஒரு சட்டத்தை மாற்ற வேண்டும் என்பதில் அன்று பெரிய கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

மாற்றியது 1960ஆம் ஆண்டுப் பந்தய, சூதாட்டச் சட்டம். உள்துறை அமைச்சர் ராப் பட்லர். 1961 மே 1 முதல் பெற்றிங் கடைகள் சட்டபூர்வமாகத் திறந்தன. சூதாட்டத்தைப் பொறுத்தவரை அரசின் நோக்கம் மிகச் சிறியது. தேவாலய மண்டபத்தில் வயதானவர்கள் சில்லறைக்கு 'விஸ்ட்' ஆடுவதையும் கழகங்களில் 'பிரிட்ஜ்' ஆடுவதையும் குற்றமாக்கக் கூடாது, அவ்வளவுதான். எங்களுக்கு விளங்கும்படி சொன்னால், செத்தவீட்டில் விடிய விடிய 304 ஆடுகிறவர்களைப் பொலிஸ் தொந்தரவு செய்யக் கூடாது என்பது மாதிரி. ஆட்டத்தில் எல்லோருக்கும் வாய்ப்புச் சமமாக இருக்க வேண்டும், நடத்துபவர் பந்தயப் பணத்தில் பங்கு எடுக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள்.

இந்த நிபந்தனையைக் கழக முதலாளிகள் எளிதாகக் கடந்தார்கள். ரூலெட் மேசையில் 'வங்கியை நீங்களே நடத்த விருப்பமா?' என்று ஆட வந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் வாய்ப்புச் சமமாகிவிடும் என்று வாதிட்டார்கள். அத்தனை பணத்தோடு யார் முன்வருவார்? சில ஆண்டுகளில் நாடு முழுவதும் ஆயிரம் அளவில் சூதாட்டக் கழகங்கள் முளைத்தன. நைட்ஸ்பிரிட்ஜில் எஸ்மரால்டாஸ் பார்ன் என்ற கழகம் கிரே சகோதரர்களின் கைக்குப் போனது. பார்க்லி சதுக்கத்தில் 1962இல் ஆஸ்பினல் கிளேர்மண்ட் கழகத்தைத் திறந்தார். அருகிலேயே கொலனி கழகத்தின் வாசலில் ஹொலிவுட் நடிகர் ஜோர்ஜ் ராஃப்ட் விருந்தினரை வரவேற்றார். அமெரிக்க மாஃபியா தொடர்புச் சந்தேகத்தில் 1967இல் பிரித்தானியா அவரை உள்ளே விட மறுத்தது. கடன் வசூலிப்பு, மிரட்டல், மோசடி எல்லாம் சட்டபூர்வமான கதவு வழியாகவே உள்ளே வந்தன.

அடுத்து வந்த 1968ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் மிக முக்கியமான ஆவணம். தடைசெய்வதா, திறந்துவிடுவதா என்ற இரண்டு வழிகளையும் விட்டுவிட்டு மூன்றாவது வழியை அது எடுத்தது. ஏற்கெனவே இருக்கும் தேவைக்கு இடம் கொடுக்கலாம். தேவையைத் தூண்டக் கூடாது. இதை நடைமுறைப்படுத்தச் சூதாட்டச் சபை உருவானது. ரயில்வே சபைத் தலைவராக இருந்த சேர் ஸ்டான்லி ரேமண்ட் அதன் முதல் தலைவர். கசினோவுக்கு விளம்பரம் இல்லை. உள்ளே பாட்டுக் கச்சேரி இல்லை. ஆடக் கடன் இல்லை. குறிப்பிட்ட பகுதிகளில் மட்டும் அனுமதி. எல்லாவற்றையும்விட, புதிதாகச் சேர்ந்த ஒருவர் 48 மணிநேரம் கழித்துத்தான் ஆட முடியும். சம்பள நாளிலே குடித்துவிட்டு வருகிறவன் வீட்டுக்குப் போய், தூங்கி எழுந்து, மனைவி பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வரலாம். ஆயிரம் கழகங்கள் 120 அளவுக்குக் குறைந்தன.

இந்தச் சட்டத்துக்குப் பல் இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம். எழுபதுகளில் லாட்புரோக் நிறுவனத்தின் ஆட்கள் போட்டிக் கசினோக்களின் வாசலில் நின்ற கார்களின் இலக்கங்களைக் குறித்து, பொலிஸ் கணினி வழியாக உரிமையாளர்களைக் கண்டுபிடித்து அழைப்பு அனுப்பினார்கள். விஷயம் வெளியே வந்தது. 1979இல் அந்த நிறுவனம் தன் லண்டன் கசினோ உரிமங்களை இழந்தது. கணினித் துறையில் இருக்கும் எனக்கு இதில் ஒரு வேடிக்கை தெரிகிறது. அன்று உரிமத்தைப் பறிக்கும் அளவுக்குப் பெரிய குற்றத்தின் நோக்கம், யார் அதிகம் ஆடுகிறார் என்று கண்டுபிடித்துத் தேடிப்போய் அழைப்பது. இன்று அதற்கு 'வாடிக்கையாளர் உறவு மேலாண்மை' என்று பெயர்.

இந்தத் தத்துவத்தை முதலில் உடைத்தது அரசுதான். 1994 நவம்பரில் தேசிய லொத்தர் தொடங்கியது. தானே தொலைக்காட்சியில் ஆட அழைக்கும் அரசு, மற்றவர்களிடம் 'தூண்டாதே' என்று எவ்வளவு காலம் சொல்ல முடியும்? தமிழ்நாட்டிலும் இது நடந்தது. 1968இல், லண்டனில் கசினோவுக்குக் கடிவாளம் போட்ட அதே ஆண்டில், அண்ணா அரசு லொத்தர் சீட்டைத் தொடங்கியது. நல்ல நோக்கம்தான், வருமானம் மக்களுக்கு என்றார்கள். 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு அதைத் தடைசெய்ய வேண்டி வந்தது. இடையில் 35 வருடங்கள்.

லண்டனில் சேர் அலன் பட் குழுவின் 2001 அறிக்கை, கட்டுப்பாடுகளைத் தளர்த்தச் சொன்னது. டெஸா ஜோவெல் கொண்டுவந்த 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தில் 'சூப்பர் கசினோ' என்ற யோசனை இருந்தது. எண்ணிக்கை எட்டாகி, தேர்தலுக்கு முந்திய அவசரத்தில் ஒன்றாகக் குறைந்தது. 1,250 இயந்திரங்கள் கொண்ட அந்த ஒன்றுக்காக நகரங்கள் அடிபட்டன. கிரீனிச்சின் மில்லெனியம் டோமில் அதை அமைக்க விரும்பிய அமெரிக்கக் கோடீஸ்வரர் பிலிப் அன்ஷூட்ஸின் பண்ணையில் துணைப் பிரதமர் ஜோன் பிரெஸ்கொட் தங்கியிருந்தது 2006இல் வெளிவந்து பெரும் சர்ச்சையானது. 2007 ஜனவரியில் ஆலோசனைக் குழு எல்லோரும் எதிர்பார்த்த பிளாக்பூலையும் டோமையும் விட்டு மான்செஸ்டரைத் தேர்ந்தது. மார்ச் 28 அன்று பிரபுக்கள் சபை 123க்கு 120 என்ற வாக்கில், மூன்றே வாக்கு வித்தியாசத்தில், அதைத் தோற்கடித்தது. கோர்டன் பிரவுன் பிரதமரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

எதிர்த்தவர்கள் வென்றுவிட்டதாக நினைத்தார்கள். எல்லோருடைய கண்ணும் ஒரு கட்டிடத்தில் இருந்தபோது, சட்டத்தின் மற்றப் பக்கங்கள் சத்தமில்லாமல் 2007 செப்டம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தன. 48 மணிநேரம் 1997இலேயே 24 ஆகியிருந்தது. இப்போது அந்தக் காத்திருப்பே இல்லை. தொலைக்காட்சி விளம்பரத்துக்குத் தடை நீங்கியது. 'இந்தத் தெருவில் ஏற்கெனவே போதுமான பெற்றிங் கடைகள் உண்டு' என்று சொல்லி உரிமம் மறுக்கும் அதிகாரம் போனது. உள்ளூர்ச் சபைகள் அனுமதிக்கும் நோக்கத்தோடுதான் விண்ணப்பத்தைப் பார்க்க வேண்டும் என்றானது. ஒரு கடையில் நான்கு இயந்திரங்கள்தான் வைக்கலாம். அப்படியானால் எட்டு வைக்க என்ன செய்வது? பக்கத்திலே இன்னொரு கடை. ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் 18 கடைகள் வந்த கணக்கு இதுதான்.

அந்த இயந்திரங்களில் ஒரு சுழற்சிக்கு 100 பவுண் வரை வைக்கலாம். ஒரு சுழற்சி 20 விநாடி. அதை 2 பவுணாக்கும்படி நியூஹாம் 90க்கும் மேற்பட்ட சபைகளின் ஆதரவோடு கேட்டது. அரசு 2015இல் மறுத்தது. 2018இல் தாமதத்தைக் கண்டித்து அமைச்சர் டிரேசி கிரவுச் பதவி விலகினார். 2019 ஏப்ரல் 1இல் 2 பவுண் ஆனது. சட்டம் வந்து பன்னிரண்டு வருடங்கள். இதற்கிடையில் 2011இல் அதே நியூஹாமில், ஸ்ட்ராட்ஃபோர்ட் வெஸ்ட்ஃபீல்ட் வளாகத்துக்குள், புதிய சட்டத்தின் கீழான முதல் பெரிய கசினோ திறந்திருந்தது. ஆட்டமும் கைத்தொலைபேசிக்குள் போய்விட்டது.

இந்த இடத்தில் என்னையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு இணையச் சூதாட்ட நிறுவனத்தில் ஆறு மாத ஒப்பந்தத்தில் வேலை செய்தேன். நல்ல நாட்கூலி. வாடிக்கையாளர் ஒருவர் தொடர்ந்து மூன்று நாட்கள் வராவிட்டால் அவருக்கு இலவசப் பந்தயம் ஒன்று தானாகவே அனுப்பும் மென்பொருள். அதை 48 மணிநேரமாகக் குறைக்கச் சொன்னார்கள். ஒரு வரி மாற்றம். மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட்டேன். 1968ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிறகுதான் படித்தேன். அவர்கள் 48 மணிநேரம் ஒருவனை வெளியே நிறுத்தினார்கள். நான் 48 மணிநேரம் வெளியே நின்றவனைத் திரும்பக் கூப்பிட்டேன்.

இரவு வேலைக்குப் பெற்றோல் நிலையம் போகும் ஒரு அண்ணையை எனக்குத் தெரியும். சீட்டு எடுத்த காசு 9,000 பவுண். மகளின் பல்கலைக்கழகச் செலவுக்கென்று எடுத்தது. கவுண்டருக்குப் பின்னால் நின்றபடியே கைத்தொலைபேசியில் மூன்று கிழமைக்குள் முடிந்துவிட்டது. "நான் விட்டிட்டன் தம்பி. நாலு நாள் தொடேல்லை. பிறகு சும்மா இருபது பவுண் தந்தாங்கள்" என்றார். எந்த நிறுவனம் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவு வரவில்லை.

தடைதான் தீர்வு என்று நான் சொல்லவில்லை. 1906ஆம் ஆண்டுச் சட்டம் ஏழையை மட்டும் தண்டித்தது. அதற்குத் திரும்ப முடியாது. சிங்கப்பூர் 2005இல் கசினோவை அனுமதித்தபோதே தன் குடிமக்களிடம் நுழைவுக் கட்டணமாக நாளுக்கு 100 டொலர் வாங்கத் தீர்மானித்தது. 2019இல் அதை 150 ஆக்கியது. குடும்பத்தினரே விண்ணப்பித்து ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கவும் வழி செய்தது. இங்கும் 2025இல்தான் இணைய இயந்திர ஆட்டத்துக்குச் சுழற்சிக்கு 5 பவுண், 25 வயதுக்குக் கீழானவர்களுக்கு 2 பவுண் என்ற எல்லை வந்தது. விட்ட கடிவாளத்தை ஒவ்வொரு கயிறாகத் திரும்பப் பிடிக்கிறார்கள்.

இலங்கை இப்போது இந்தப் பாதையின் தொடக்கத்தில் நிற்கிறது. 2010இல் கசினோ ஒழுங்குமுறைச் சட்டம். 2025 ஓகஸ்ட்டில் கொழும்பில் 'சிற்றி ஒஃப் ட்ரீம்ஸ்'. அதே ஆண்டில் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைக்கான சட்டம். கடனில் மூழ்கிய நாட்டுக்கு டொலர் தேவை என்ற நியாயம் விளங்குகிறது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை டொலர் வரும் என்பது மட்டுமல்ல. வராதவனைப் போய்க் கூப்பிடும் உரிமை யாருக்காவது உண்டா என்பதும்தான்.

எங்கள் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் திருக்குறளின் 94ஆம் அதிகாரத்தை மனப்பாடம் செய்து பரிசு வாங்குகிறார்கள். வள்ளுவர் சூதைக் கள்ளுக்கும் மருந்துக்கும் இடையில் வைத்தார். மண்டபத்தின் பின்வரிசையில் அப்பாமார் குனிந்து கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது அந்த நேரத்தில் இருபது பவுண் இலவசம் என்ற செய்தி வந்திருக்கும். அந்தச் செய்தி எந்த நேரத்தில், ஏன் வருகிறது என்று நான் அறிவேன். அடுத்த பள்ளி விழாவில் பேச எனக்குப் பத்து நிமிடம் தந்தால், அதைத்தான் சொல்லப்போகிறேன்.