காங்கேசன்துறையும் கீரிமலை நன்னீரும்

மேனாட்டாரிடையே கடற்கரைப் பட்டினங்கள் பல மருத்துவர் வாக்கினாற் பிறந்தன. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் றிச்சாட் றசல் என்னும் மருத்துவர் கடல்நீர் பிணி தீர்க்குமென எழுதியதன் பின்னரே பிறைற்றன் என்னும் மீனவர் ஊர் செல்வர் நாடும் பட்டினமாயிற்று. 1841இல் இலண்டனிலிருந்து புகையிரதம் வந்த பின்னரே எளிய குடும்பங்களும் பெருந்தொகையாக ஆங்குச் சென்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள காங்கேசன்துறையின் வரலாறோ இதனின் வேறானது. மக்கள் குடும்பம் குடும்பமாக இக்கரையை நாடத் தொடங்கியது உல்லாசத்துக்காகவன்று. பிதிர்க்கடனுக்காகவும், கோயிலுக்காகவும், கடலோரத்திற் சுரக்கும் நன்னீருக்காகவுமேயாம். உல்லாசம் பின்னர் வந்து சேர்ந்தது.

இத்துறை பண்டு கயாத்துறை என வழங்கிற்றென்பர். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்கென வரவழைக்கப்பட்ட காங்கேயன் திருவுருவம் இங்கு வந்திறங்கியமையாற் காங்கேசன்துறை ஆயிற்றென்பது மரபு. மயில்வாகனப் புலவர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, குதிரைமுகம் வாய்ந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலைத் தீர்த்தமாடி அம்முகம் நீங்கப்பெற்ற கதையைக் கூறும். கீரிமுகம் நீங்கிய நகுல முனிவர் கதையும் இத்தகையதே. இவற்றை வரலாறெனக் கொள்வதற்கில்லை. எனினும், புலவர் காலத்துக்கு முன்னரே இந்நீரின் புகழ் பரவியிருந்ததென்பது இக்கதைகளாற் பெறப்படும். பிணியுற்ற ஒரு பெண் தோழியரோடு வந்து தங்கி நீராடிய இடமாக அது நினைக்கப்பட்டமையும் நோக்கற்பாலது.

அந்நீரின் இயல்பைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். குடாநாட்டில் ஆறென்று சொல்லத்தக்கது யாதுமில்லை. பெய்யும் மழை சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளூடாகக் கீழிறங்குகின்றது. உவர்நீரினும் நன்னீர் இலேசானது. ஆதலின் அது நிலத்தின் கீழுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நின்று, பாறைப் பிளவுகளின் வழியே மெல்ல நகர்ந்து, கரையோரத்தில் ஊற்றாக வெளிப்படுகின்றது. காங்கேசன்துறைக்கு மேற்கே கீரிமலையில் இவ்வூற்றையே கேணியாகக் கட்டியுள்ளனர். மதிலுக்கு அப்பால் அலை மோதும். இப்பாலோ தெளிந்த நன்னீர். ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் வெவ்வேறு கேணிகள் உண்டு. நீந்தத் தெரியாத சிறுவனும் படியில் அமர்ந்து நீராடலாம், முதியோர்க்கும் அச்சமில்லை. கடலின் காற்றும் காட்சியும் வேண்டும், அதன் உவர்ப்பும் இழுப்பும் வேண்டா என்போர்க்கு இதனினும் ஏற்ற இடம் வாய்த்தல் அரிது. மாவிட்டபுரப் பெருந்திருவிழாவின் தீர்த்தம் ஆடி அமாவாசையில் இங்கு நிகழ்வது. தந்தையை இழந்தோர் அன்று பிதிர்க்கடன் இயற்றுவர். கடன் முடிந்த பின்னர்ப் பிள்ளைகள் கேணியை விட்டு எளிதில் ஏறுவதில்லையென்பது பெற்றோர் அனைவரும் அறிந்ததே.

துறைமுகத்துக்கு 1893இல் வெளிச்சவீடு அமைந்தது. ஆயினும் ஊரைக் குடும்பங்களுக்குத் திறந்துவிட்டது புகையிரதமேயாகும். கொழும்பிலிருந்து பாதை வந்து சேருமுன்னரே, 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்குமிடையே வண்டி ஓடத் தொடங்கிவிட்டது; 1905இல் தென்னிலங்கையோடு தொடர்பு முற்றுப்பெற்றது. மாட்டுவண்டி பூட்டி இராப்பொழுதிற் புறப்பட வேண்டியிருந்த தென்மராட்சியார், அதன்பின் கட்டுச்சோற்றோடு காலையில் ஏறி மாலையில் வீடு திரும்பலாயினர். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபோது, கொழும்பில் உத்தியோகம் பார்த்தோரின் பிள்ளைகளுக்கு இப்பெயர் விடுமுறையின் பெயராகவே ஆயிற்று. பாதை முடிவதும் கடல் தொடங்குவதும் ஏறத்தாழ ஓரிடத்திலே. கரையில் வாடிவீடும் இருந்தது. அது கைப்பொருள் உடையோர்க்கு. ஏனையோர்க்கு மணலும் மரநிழலும் போதுமாயிருந்தன.

1950இல் தொழிற்படத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை ஊரின் தோற்றத்தை மாற்றிற்று. முருங்கனிலிருந்து களிமண் வந்தது. சுண்ணக்கல் ஊரிலேயே அகழப்பட்டது. பல குடும்பங்கள் அதனால் வாழ்ந்தன என்பதை மறுத்தல் நன்றன்று. ஆனால் மழைநீரைத் தாங்கி வைத்திருக்கும் பாறை எதுவோ, அகழப்பட்ட பாறையும் அதுவே. கல்லெடுத்த பெருங்குழிகள் ஊரின் அயலில் எஞ்சியுள்ளன. இக்கரையிற் புதிய தொழில்களைப் பற்றிப் பேசுவோர் முதலில் அக்குழிகளைச் சென்று பார்த்தல் தகும்.

1990 யூன் மாதத்தில் யாவும் நின்றன. போரினால் மக்கள் இடம்பெயர்ந்தனர், புகையிரதம் நின்றது, தொழிற்சாலையும் ஓய்ந்தது. ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கியது. இதனால் நேர்ந்த இழப்பை வீடும் வளவும் கொண்டு மட்டும் அளத்தல் இயலாது. குடாநாட்டிற் பிறந்து கீரிமலையில் நீராடாது வளர்ந்த ஒரு தலைமுறை முன்னர் இருந்ததில்லை; 1990இன் பின்னரே அது தோன்றிற்று. தாய் தந்தையர் சொல்லக் கேட்டதே அவர்க்குக் கேணியாயிற்று.

2009இற் போர் முடிந்தபின் காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டன. அப்பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. 2015 சனவரி 2ஆம் நாள் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறையை அடைந்தது. 2023 ஒற்றோபரில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலும் வந்தது. கைக்குழந்தையாய்த் தூக்கிச் செல்லப்பட்டோர் சிலர் இன்று தம் பிள்ளைகளோடு வருகின்றனர். ஆடி அமாவாசையன்று கேணிப் படிகளில், நீரின் தண்மைக்கு அஞ்சிப் பின்வாங்கும் சிறுவரையும், இறங்கும்படி ஏவிவிட்டுத் தாமும் சற்றுத் தயங்கி நிற்கும் தந்தையரையும் ஒருங்கே காணலாம்.