டோமஸ் ஆரியா: ஐரோப்பியக் கலையில் தாக்கம்

டோமஸ் ஆரியா, கி.பி. 64-இல் ரோம் நகரம் தீக்கிரையானபின் பேரரசர் நீரோ எழுப்பிய பொன் மாளிகை. பின்னர் அதன் கூடங்கள் மண்ணிட்டு நிரப்பப்பட்டு, மேலே டிராஜனின் குளியல் மண்டபங்கள் எழுந்தன. அந்த மண்ணே ஓவியங்களைக் காத்தது. 1480 வாக்கில், மாளிகை இருந்த ஓப்பியன் குன்றில் கண்டறியப்பட்ட துளைகள் வழியே ஓவியர்கள் இறங்கி, விளக்கொளியில் விதானச் சித்திரங்களைப் பிரதியெடுத்தனர். சிலர் தம் பெயரையும் சுவரில் கீறிவைத்தனர். மெல்லிய கொடிகள், பாதி மனிதரும் பாதி விலங்குமான உருவங்கள், எடையற்றவை போன்ற தூண்கள் ஆகியவை கொண்ட இவ்வலங்காரம் ‘குரோட்டெஸ்க்’ பாணியாக வளர்ந்தது.

இப்பாணியின் உச்சம் ரஃபேலின் பட்டறை வத்திக்கான் மாளிகையில் 1519-இல் முடித்த லோஜ்ஜியா தாழ்வாரம். அங்கே பணியாற்றிய ஜொவான்னி தா ஊதினே, சுண்ணாம்பும் வெண்பளிங்குத் தூளும் கலந்து பழைய ரோமானியச் சுதையையும் மீட்டெடுத்தார். ஓவியங்களுக்கு இணையாகப் போற்றத்தக்க சாதனை இது. இதற்கு முன்பே, 1506-இல் ஓப்பியன் குன்றுப் பகுதியில் கிடைத்த லாவோகூன் சிற்பம் மைக்கேலாஞ்சலோவை ஆழமாகப் பாதித்தது. குரோட்டெஸ்க் அலங்காரம் ஃபுளோரன்ஸின் உஃபிசி மாளிகைக்கும், 18-ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் வழியாக ஆங்கிலேய மாளிகைகளுக்கும் பரவியது.