தோர்ணக்கல் அத்தியட்சாதீனத்தின் தோற்றமும் விரிவும்

1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தா அர்ச். பவுல் ஆலயத்தில் அபிஷேகம் பெற்று, வேதநாயகம் சாமுவேல் அசரியா ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார் என்பது பலரும் அறிந்த செய்தி. அவர் கையில் ஒப்படைக்கப்பட்ட அதிகாரம் எத்துணைக் குறுகலாக வரையறுக்கப்பட்டிருந்தது என்பதையும், அவ்வரம்பே நாளடைவில் எங்ஙனம் தகர்ந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தோர் சிலரே.

அக்காலத்து இந்தியாவில் அத்தியட்சர் பதவி ராஜாங்கத்தோடு பிணைந்திருந்தது. சென்னை போன்ற பெரிய அத்தியட்சாதீனங்களின் தலைவர்கள் அரசரின் சாசனம் பெற்றே நியமனம் ஆயினர். திருநெல்வேலியில் தம் வாழ்நாளையே செலவிட்ட கால்டுவெலும் சார்ஜெண்டும்கூட, 1877-இல், சென்னை அத்தியட்சருக்கு உதவியாளர்களாக மட்டுமே அபிஷேகிக்கப்பட்டனர். தமக்கென எல்லை வகுத்து ஆளும் உரிமை அவ்விருவருக்கும் இல்லை. வெள்ளையருக்கே கிட்டாத ஒன்றைச் சுதேசி ஒருவருக்கு அளிப்பதா என்று மிஷனெரிகளில் பலர் தயங்கியதில் வியப்பில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் 1864-இல் அபிஷேகம் பெற்ற சாமுவேல் குரௌதரின் அதிகாரத்தை, அவருடைய முதுமையில், இளம் ஐரோப்பிய மிஷனெரிகள் பறித்துக்கொண்டதும், 1891-இல் அவர் மறைந்தபின் அவ்விடத்தில் ஓர் ஐரோப்பியரே அமர்த்தப்பட்டதும் அத்தயக்கத்துக்குச் சாதகமாயின. குரௌதரின் திறமைக்குறைவே அதற்குக் காரணம் என்று அந்நாளில் சொல்லப்பட்டது; அதை நான் ஏற்பதற்கில்லை.

அசரியா 1874 ஆகஸ்டு 17-இல் திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த வெள்ளாளன்விளையில், கிராமச் சபையொன்றின் குருவானவரான தாமஸ் வேதநாயகத்தின் புதல்வராகப் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கற்றபின் வாலிபக் கிறிஸ்தவர் சங்கத்தின் காரியதரிசியாகப் பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றினார். 1902-இல் யாழ்ப்பாணத்துக்குப் போனபோது, அங்குள்ள தமிழர் தாமே பணம் சேர்த்துத் தம்மவரையே வெளியூர்களுக்கு ஊழியத்துக்கு அனுப்புவதைக் கண்டார். அதன் பயனாக மறு ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாயிற்று. அச்சங்கம் தேர்ந்துகொண்ட முதல் களம், நிஜாம் ராஜ்யத்தின் தெலுங்குப் பகுதியிலிருந்த தோர்ணக்கல். அந்நியப் பணத்தின் துணையின்றித் திருநெல்வேலிச் சபையார் தாங்கிய களமாதலால், பின்னர் அங்கே சுதேசி அத்தியட்சரை வைப்பதற்கு எதிராக எவரும் எளிதில் வாய் திறக்க முடியவில்லை என்பதே என் கருத்து. 1909-இல் குருப்பட்டம் பெற்று அசரியா தாமும் அங்கே சென்றார்.

அடுத்த ஆண்டு எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் அவர் பேசிய பேச்சு பெரும் சலசலப்பை விளைத்தது. மிஷனெரிகள் இந்தியருக்காகத் தியாகம் செய்யத் தயங்கவில்லை. ஆனால் அவர்களோடு சமமாய்ப் பழகும் சிநேகத்தைக் கொடுக்கவில்லை என்று வந்திருந்தோரின் முகத்துக்கு நேரே அவர் சொன்னபோது, அதைப் பாராட்டியோரும் உண்டு, புண்பட்டோரும் உண்டு. எனினும் சென்னை அத்தியட்சர் ஹென்றி வைட்ஹெட் பின்வாங்கவில்லை. அவர் கண்ட உபாயம் நுட்பமானது: அசரியா சென்னை அத்தியட்சரின் உதவியாளராக இருப்பார், தோர்ணக்கலுக்கு மட்டும் அத்தியட்சராகவும் இருப்பார். சட்டச் சிக்கல் அதனால் விலகியது. சிறு எல்லையாதலால், வெள்ளையர் இந்தியருக்குக் கீழ்ப்படிவதா என்ற கேள்வியும் தற்காலிகமாக அடங்கியது.

ஆனால் தெலுங்கு கற்று, மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் கிராமம் கிராமமாகச் சென்ற அசரியாவின் ஊழியம் அவ்வெல்லைக்குள் அடங்குவதாயில்லை. மாலர், மாதிகர் என்னும் ஒடுக்கப்பட்ட மக்கள் திரள்திரளாய்ச் சேர்ந்தனர். ஞானஸ்நானம் பெறுவோர் தம் தலைமேல் தாமே கை வைத்து, சுவிசேஷம் அறிவிக்கத் தவறினால் தமக்குக் கேடு என்று வாய்விட்டுச் சொல்லவேண்டுமென்பது அவர் வகுத்த முறை. சமைக்குமுன் பெண்கள் பிடியரிசி எடுத்து வைப்பதும் அங்கே சபை வருமானங்களில் ஒன்றாயிற்று. 1939-இல் பிரதிஷ்டையான பேராலயமோ, மசூதியை நினைவூட்டும் கவிமாடங்களும் தாமரை செதுக்கிய கோயில் தூண்களும் கூடி எழுந்தது.

1920-ஐ அடுத்த ஆண்டுகளில், மசூலிப்பட்டணத்தை மையமாகக் கொண்ட சி.எம்.எஸ். (சர்ச் மிஷனெரி சங்கம்) பகுதிகளும் தோர்ணக்கலோடு இணைக்கப்பட்டபோது, அடங்கியிருந்த கேள்வி மீண்டும் எழுந்தது. இம்முறை ஐரோப்பிய மிஷனெரிகள் அவருடைய அதிகாரத்தின்கீழ் வந்தேவிட்டார்கள். 1930-இல் இந்தியச் சபை ராஜாங்கத்தின் பிடியிலிருந்து சட்டப்படி விடுபட்டதும், வைட்ஹெட்டின் உபாயத்துக்கு இனித் தேவையே இல்லாமற் போயிற்று.

1919-இல் தரங்கம்பாடியில் கூடிய குருமாரோடு சேர்ந்து தென்னிந்தியச் சபைகளின் ஐக்கியத்துக்கு வித்திட்ட அசரியா, அது நிறைவேறுமுன், 1945 ஜனவரி முதல் நாள் காலமானார். அவருக்குப்பின் அப்பதவியை ஏற்ற ஆந்தனி எலியட், 1935 முதல் அவருக்குக் கீழ் உதவி அத்தியட்சராகப் பணியாற்றியவர், ஐரோப்பியர். 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை ஸ்தாபிதமானபோது, தோர்ணக்கல் அத்தியட்சாதீனம் அவருடைய தலைமையிலேயே அதில் சேர்ந்தது.