கணவாய்க் காற்றின் வரலாறு

ஆனி பிறந்துவிட்டால் ஐந்தருவியில் கூட்டம் அலைமோதும். தென்மேற்குக் காற்று மலைமீது மழையைக் கொட்டிவிட்டு, எஞ்சிய சாரலைத் தென்காசித் தெருக்களில் தூவிக் கிழக்கே விரைகிறது. அருவியில் குளித்து எழுவோருக்கு அக்காற்று இன்பம்; சுரண்டை முதல் கயத்தாறு வரை நிற்கும் காற்றாலைகளுக்கோ அதுவே உயிர்.

காற்றை வேலை வாங்கும் கலை நேற்றுப் பிறந்ததன்று. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் மஸ்ஊதீ, ஸிஜிஸ்தான் நாட்டில் காற்று ஆலைகளைச் சுழற்றுவதையும் தோட்டங்களுக்கு நீர் இறைப்பதையும் பதிவு செய்துள்ளார். 1327-இல் மறைந்த திமிஷ்கீ அவற்றின் அமைப்பையே விளக்கியுள்ளார். ஆலையின் சுவர்களில் வெளிப்புறம் அகன்றும் உட்புறம் குறுகியும் திறப்புகள் விடுவார்கள். அகன்ற வாயில் நுழையும் காற்று குறுகிய வழியே புகும்போது வேகம் கொள்கிறது, சக்கரம் சுழல்கிறது.

ஸிஜிஸ்தானில் மனிதன் சுவரில் அமைத்த அந்தத் திறப்பை, இங்கே மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையே அமைத்திருக்கிறது. அதுதான் செங்கோட்டைக் கணவாய். இருபுறமும் மலை தடுக்க, இடைவெளியில் நெருங்கிப் பாயும் காற்று சமவெளியில் வலுவோடு இறங்குகிறது.

எனினும், இப்பகுதியில் முதலில் பணிக்கு வந்தது காற்றன்று, நீரே. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தருகே விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை நிறுவியபோது, தாமிரபரணி அருவியின் விசையை நம்பியே அவ்விடத்தைத் தேர்ந்தனர். பைக்காரா, மேட்டூர் ஆகியவற்றை அடுத்து, 1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. இன்று அதன் திறன் 32 மெகாவாட்.

காற்றின் முறை 1986-இல் வந்தது. தூத்துக்குடியருகே அவ்வாண்டு நிறுவப்பட்ட காற்றாலைகள் ஒவ்வொன்றும் 55 கிலோவாட் திறனே கொண்டவை. இன்றைய பெரும் காற்றாலை ஒன்றோ 2,000, 3,000 கிலோவாட்டைத் தாண்டுகிறது.

ஆனால் காற்று நம் தேவையறிந்து வீசுவதில்லை. ஆனி, ஆடியில் மின்சாரம் மிகுந்து, வாங்க வழியின்றிச் சில வேளை காற்றாலைகளை நிறுத்திவைக்க நேர்கிறது. ஐப்பசி வந்தால் காற்று அடங்கிவிடுகிறது. மிகுந்ததைச் சேமிக்கும் வழிகளுள் ஒன்றே ஹைட்ரஜன்: மின்சாரத்தால் நீரைப் பிரித்து, அவ்வாயுவை எரிபொருளாக்குவது. கொச்சியில் கட்டப்பட்ட ஹைட்ரஜன் படகைப் பிரதமர் 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடி விழாவில் தொடங்கிவைத்தார். 2025 செப்டம்பரில் தூத்துக்குடித் துறைமுகத்திலேயே மணிக்கு 10 கனமீட்டர் ஹைட்ரஜன் தரும் சோதனை ஆலை திறக்கப்பட்டது.

மகிழ்ச்சிதான், கணக்கையும் பார்ப்போம். ஒரு கிலோ ஹைட்ரஜன் பெற ஏறத்தாழ 50 யூனிட் மின்சாரம் செலவாகிறது. அதை மீண்டும் மின்சாரமாக்கினால் 20 யூனிட் கிடைப்பதே அரிது. ஆகவே, வீட்டு விளக்குக்குக் காற்றின் மின்சாரம் நேரே வருவதே சிக்கனம். உரம், எஃகு, கப்பல் போன்ற, மின்கம்பி எட்டாத பணிகளுக்கே ஹைட்ரஜன் பொருந்தும்.

இன்னொரு கணக்கு நீரைப் பற்றியது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தது 9 லிட்டர் நீர் வேண்டும். 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது 2023-இல் நாடு முழுமைக்கும் வகுக்கப்பட்ட இலக்கு. அதற்குரிய நீர் நாலரைக் கோடி டன், அதாவது சுமார் 1.6 டி.எம்.சி. பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவே 5.5 டி.எம்.சி. தான்! நாட்டுக்கு இது சிறு அளவாகலாம். ஒரே ஆற்றின்மேல் இதில் ஒரு பங்கு விழுந்தாலும், கார், பிசான சாகுபடிகளை அந்த ஆற்றை நம்பிச் செய்யும் உழவனுக்கு அது சிறிதன்று.

தூத்துக்குடிக்குக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. உப்பை நீக்கிக் கடல்நீரைப் பயன்படுத்தச் செலவு கூடும். ஆயினும் மொத்த மின்செலவோடு ஒப்பிட்டால் அது சொற்பமே. ஆற்றுநீரை ஒருவர் எடுத்துக்கொண்டால் அடுத்தவனுக்கு அது குறைந்துவிடும். புதிய ஆலைகளுக்கு அனுமதி தருவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நீர் எங்கிருந்து வரும் என்பதே.