வகுப்பா, வயதா? பள்ளி விளையாட்டுப் பிரிவுகளின் வரலாறு

பள்ளிப் பிள்ளைகளை விளையாட்டுப் போட்டிக்குப் பிரிக்குங்கால், படிக்கும் வகுப்பைக் கொள்வதா, வயதைக் கொள்வதா என்னும் வினா பழமையானது. ஐந்து வயதில் சேர்ந்து ஆண்டு தவறாமல் தேறிச் செல்லும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றே. நம் முன்னோர்க்கு அவ்வாறு அமையவில்லை. மாடு மேய்த்தும், அறுவடைக்குப் பெற்றோருடன் சென்றும் காலங்கடந்து பள்ளிக்கு வந்தோர் நம்மில் மிகப் பலர். பதினாறு வயதினனும் பன்னிரண்டு வயதினனும் ஒரே வகுப்பில் அமர்ந்தனர். வகுப்புவாரியாகக் கபடி ஆடினால் இளையவனுக்கு அடி. மூத்தவனுக்கோ பெருமையில்லாத வெற்றி.

இதற்கு மாற்றுக் கண்டோருள் அமெரிக்க உடற்கல்வி அறிஞர் மக்ளாய் குறிப்பிடத்தக்கவர். வயதை 20ஆலும், அங்குலத்தில் உயரத்தை 6ஆலும் பெருக்கி, பவுண்டில் எடையைக் கூட்டுவது அவர் வகுத்த கணக்கு. 15 வயதும் 60 அங்குல உயரமும் 90 பவுண்டு எடையும் உடையவனுக்கு 750 புள்ளி. வகுப்புக்கு இதில் இடமே இல்லை. நம் உடற்கல்விப் பாடநூல்களிலும் இக்கணக்கு இடம்பெற்றது. எனினும் பெரும் போட்டிகளில் நிலைத்தது வயதுப் பிரிவேயாகும். 1954இல் தோன்றிய இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டிகளும் 14, 17, 19 வயதிற்கு உட்பட்டோர் என்றே பிரிக்கப்படலாயின.

வயதே நேர்மையான அளவுகோல் என்பது எமது கருத்து. ஆனால் அவ்வயதை எழுதியவர் யார்?

பிறப்புச் சான்று இல்லாத பிள்ளையை, வலக்கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடக்காதைத் தொடச் சொன்னார் தலைமையாசிரியர். விரல் எட்டினால் ஐந்து வயது! ஜூன் மாதத்தில் ஐந்து நிறையும்படி ஒரு தேதியும் அவரே எழுதிக்கொண்டார். நம் தெருக்களில் பெரியவர்கள் பலரும் மே, ஜூன் மாதங்களிலேயே பிறந்தவர்களாகப் பதிவேடு காட்டுவது இதனாலேதான். (பெற்ற தாயைக் கேட்டால் ஐப்பசி அடைமழை என்பாள்.) ஏழு வயதில் சேர்ந்தவனும் ஏட்டில் ஐந்து வயதினன் ஆனான்.

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தும், வீட்டில் பிறந்த பிள்ளைகள் பலர் பதிவின்றியே வளர்ந்தனர். இதற்கிடையே வயது மோசடியைத் தடுக்கும் முயற்சிகள் வலுத்தன. 2009இல் பதினேழு வயதிற்குட்பட்டோர் உலகக் கால்பந்துப் போட்டியில் மணிக்கட்டை ஸ்கேன் செய்து பார்த்தனர். 2010இல் இந்திய அரசு தேசிய நெறிமுறை ஒன்றை வகுத்தது. 2012இல் கிரிக்கெட் வாரியம் எலும்பு வளர்ச்சிச் சோதனையைக் கொணர்ந்தது. பதக்கத்திற்காக வயதைக் குறைப்போரைத் தடுப்பது முறையே. எனினும் எலும்பின் வளர்ச்சி ஆளுக்கு ஆள் ஓரிரு ஆண்டு வேறுபடும். மேலும், பள்ளி எழுதிக்கொடுத்த தேதியைத் தன் பிறந்தநாள் என்று நம்பி வளர்ந்த சிறுவனை, எலும்பைக் காட்டிப் பொய்யன் என்பது எவ்வகையில் நீதி? ஏட்டைத் திருத்தலாம், அவனைக் குற்றவாளியாக்கலாகாது.

2023இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையின்போது பிறந்த தேதியை மெய்ப்பிக்கும் ஆவணம் பிறப்புச் சான்றிதழே ஆகும். அக்குழந்தைகள் 2029 வாக்கில் முதல் வகுப்பில் காலடி வைப்பார்கள். பிறப்பை 21 நாள்களுக்குள் தெரிவித்தால் பதிவுக்குக் கட்டணம் இல்லை.